கைநாட்டு வாங்கினால் போதுமா?

ஒரே தவணையில் போடக்கூடிய உள்நாட்டு டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனை 2024 ஆகஸ்டில் ஹரியாணாவின் ரோத்தக்கில் தொடங்கியது. தயாரிப்பு பனேசியா பயோடெக். ஆய்வை அதனுடன் சேர்ந்து நடத்துவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 19 மையங்களில் 10,335-க்கும் அதிகமான பெரியவர்களைச் சேர்த்து, ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டுகள் கண்காணிப்பது திட்டம். மழைக்காலம் வந்தாலே டெங்கு வார்டு நிரம்பிவிடும் தமிழ்நாட்டுக்கு இந்தத் தடுப்பூசி தேவை. அது தேறி வர வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. கவலை வேறு. தடுப்பூசி ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்களை இந்த நாடு நடத்தியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அடுத்த ஆய்வுக்கு ஆள் கிடைப்பார்களா என்றே சந்தேகம் வருகிறது.

புற்றுநோய் மருந்து ஆய்வில் சேரும் நோயாளிக்குப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற ஆசையாவது இருக்கும். தடுப்பூசி ஆய்வில் சேருபவர் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர். போடப்பட்டது மருந்தா, மருந்தில்லாத வெறும் ஊசியா என்பதுகூட அவருக்குச் சொல்லப்படாது. யாருக்கோ நாளை வரப்போகும் நோய்க்காக இன்று கையை நீட்டுகிறார். அவருக்கு நாம் கொடுத்தது என்ன?

போபாலில் தொடங்குவோம். 1984-இல் விஷவாயு கசிந்த யூனியன் கார்பைடு ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கு 2020 டிசம்பரில் கோவேக்சின் ஆய்வுக்கு ஆள் பிடிக்கப் போனார்கள். கொரோனாவுக்கு ஊசி போடுகிறார்கள், 750 ரூபாயும் தருகிறார்கள் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள் என்றும், இது ஆய்வு என்று யாரும் விளக்கவில்லை, கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் தரவில்லை என்றும் அம்மக்களில் பலர் பின்னர் கூறினர். ஆய்வை நடத்திய தனியார் மருத்துவமனை இதை மறுத்தது. ஊசி போட்டுக்கொண்ட ஒரு தொழிலாளி ஒன்பது நாள் கழித்து இறந்தார். விஷத்தால் நேர்ந்த மரணம் என்று சந்தேகிக்கப்படுகிறது, ஊசிக்குத் தொடர்பில்லை என்றது தயாரிப்பு நிறுவனம். அப்படியே இருக்கட்டும். இறப்புக்குக் காரணம் வேறு என்பது, ஒப்புதல் வாங்கிய விதம் சரி என்பதற்குச் சான்றாகிவிடாது.

இதில் இன்னொரு ஆபத்து பெரிதாகப் பேசப்படவே இல்லை. அந்த ஆய்வில் பாதிப் பேருக்குப் போடப்பட்டது வெறும் ஊசி. தடுப்பூசி போட்டுக்கொண்டோம் என்று நம்பி வீடு திரும்பியவர்களில் பாதிப் பேருக்குப் பாதுகாப்பே கிடையாது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தைரியமாகச் சந்தைக்குப் போயிருப்பார்கள். விளக்காமல் விட்டது படிவத்துக் குறையோடு நின்றுவிடவில்லை. ஓர் ஆளை நோயின் வாயில் கொண்டு நிறுத்தியதற்குச் சமம்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நமக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயதுப் பெண் குழந்தைகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போட்டார்கள். அமெரிக்காவின் பாத் என்ற அமைப்பு நடத்திய திட்டம் அது. ஏழு சிறுமிகள் இறந்தபின் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் 2013-இல் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையைப் படித்தால் வயிறு எரிகிறது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்ற தாய் எங்கோ கூலி வேலையில் இருக்க, விடுதி வார்டன் சம்மதம் சொல்லிவிட்டார். இது ஆய்வே அல்ல, ‘செயல்விளக்கத் திட்டம்’ என்று பெயர் வைத்து, ஆய்வுக்குரிய பாதுகாப்பு விதிகளை ஓரங்கட்டியதையும் அந்தக் குழு கடுமையாகச் சாடியது.

விலை கொடுத்தது யார்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து காக்கக்கூடிய அதே தடுப்பூசியைச் சிறுமிகளுக்கு ஊக்குவிப்போம் என்று மத்திய அரசு பட்ஜெட்டில் அறிவிக்க 2024 ஆகிவிட்டது. தாமதத்துக்கு விலை உட்படக் காரணங்கள் பல உண்டு. கம்மத்தின் நிழலும் அவற்றில் ஒன்று.

நம் சென்னைக்கு வருவோம். 2020-இல் கோவிஷீல்டு ஆய்வில் சேர்ந்த ஒரு தன்னார்வலர், ஊசிக்குப் பின் தமக்குக் கடுமையான நரம்பியல் பாதிப்பு ஏற்பட்டதாகக் கூறி 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். பாதிப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற தயாரிப்பாளர் சீரம் நிறுவனம், அவர் மீது 100 கோடிக்கு மேல் மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்றது. தொடர்பு உண்டா இல்லையா என்பதை நிபுணர்கள் சொல்லட்டும். அதில் தலையிட நாம் யார்? ஆனால் உடம்பைக் கொடுத்த ஒருவர் கேள்வி கேட்டால் நூறு கோடியைக் காட்டி மிரட்டும் தொழிலை எந்தக் குடும்பம் நம்பும்? அந்தச் செய்தியைப் படித்த எத்தனை அம்மாக்கள், ‘உனக்கு எதுக்குப்பா இந்த வேலை’ என்று பிள்ளையைத் தடுத்திருப்பார்கள்!

மக்களின் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது அதிகாரிகளுக்கு வசதி. நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் ஓமந்தூரார் மருத்துவமனையில் எல்லோரும் பார்க்கக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். டீக்கடை முதல் வாட்ஸ்அப் வரை வதந்தி பறந்தது. தடுப்பூசி காரணமல்ல என்ற மத்திய நிபுணர் குழுவின் முடிவு வெளியே வர அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஆறு மாத இடைவெளியை வதந்தி நிரப்பியது. நிரப்பாமல் என்ன செய்யும்?

பிலிப்பைன்ஸில் நடந்ததை டெங்கு ஆய்வு நடத்துகிறவர்கள் மறக்கவே கூடாது. டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசி அங்கே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அது நோயைத் தீவிரமாக்கலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் 2015-இல் 93 சதவீதம். 2018-இல் 32 சதவீதம். டெங்கு ஊசியோடு அது நிற்கவில்லை. மற்ற தடுப்பூசிகள் மீதும் சந்தேகம் பரவியது. 2019-இல் தட்டம்மை வெடித்துக் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது.

ஒழுங்காக ஆய்வு நடத்த நமக்குத் தெரியாது என்பதல்ல. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய பகுதியில் தொடங்கிய பிசிஜி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டு, பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்ற கசப்பான விடையை உலகுக்குச் சொன்னவர்கள் அந்தக் கிராமத்து மக்கள்தாம். (குழந்தைகளின் மூளைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்த பிள்ளைக்கு இன்றும் அது போடப்படுகிறது.) காசநோய் ஆராய்ச்சியில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் அந்த ஆய்வைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டத்தில் குறையில்லை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வால் நேர்ந்ததென்றால் இழப்பீடும் தர வேண்டும். ஆனால் தன் புகார் என்ன ஆயிற்று என்று பங்கேற்றவர் தெரிந்துகொள்ள எளிய வழி இல்லை. ஆய்வுகளைப் பதிவுசெய்யும் தேசியப் பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவோ பெரும்பாலும் ஆய்வு நடக்கும் அதே மருத்துவமனையின் குழு. தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்கிறது.

ஒவ்வொரு கடும் பாதிப்புப் புகாருக்கும் என்ன முடிவு, ஏன் அந்த முடிவு என்று, பெயர் மறைத்து, தமிழிலும் வெளியிட வேண்டும். புகார் கொடுத்தவர் மீது வழக்கு மிரட்டல் விடும் நிறுவனத்தின் அடுத்த ஆய்வுக்கு அனுமதி மறுக்க வேண்டும். ஏழைகளின் குடியிருப்புகளில் ஒப்புதல் வாங்கும்போது வெளியாள் ஒருவர் சாட்சியாக இருப்பதும், பேச்சைப் பதிவுசெய்வதும் எல்லாத் தடுப்பூசி ஆய்வுகளுக்கும் கட்டாயமாக வேண்டும். ஆய்வு முடிந்ததும் முடிவைப் பங்கேற்றவர் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மனம் வைத்தால் பெரும்பகுதி நடக்கும். தமிழ்நாடு அரசு தன் மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஆய்வுகளில் இதை இப்போதே தொடங்கலாம்.

ஆய்வில் சேர நினைக்கும் வாசகர்கள் தாராளமாகச் சேருங்கள். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது உங்கள் உரிமை. கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும், இரவில் காய்ச்சல் வந்தால் அழைக்க வேண்டிய மருத்துவரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அவற்றைத் தராத இடத்தில் ஊசிக்குக் கை நீட்டாதீர்கள்.