கீழே கார், மேலே 4 மாடி: தூண் தாங்குமா?
சென்னைக்குப் பூகம்பம் வராது என்று யார் சொன்னது? 2001 செப்டம்பர் 25-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையையும் ஆட்டியது. ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 2002-ல் வந்த விதியில் சென்னை 2-வது மண்டலத்தில் இருந்து 3-வது மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

எங்கே ஆபத்து?

கீழே வெறும் தூண், கார் நிறுத்தும் இடம். மேலே சுவர் வைத்த வீடுகள். பூமி ஆடினால் மேல்மாடிகள் விறைப்பாக நிற்கும். ஆட்டம் முழுவதும் தூண் தலையில்தான் விடியும். 2001 ஜனவரி 26-ந் தேதி குஜராத் பூகம்பத்தில், 200 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்த ஆமதாபாத்தில் இப்படிப்பட்ட கட்டிடங்கள் பல சரிந்தன. அதனால்தான் 2002 விதி, இந்தத் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்குக் கணக்குப் போடச் சொன்னது.

பழைய கட்டிடத்துக்கு?

வழி உண்டு. தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, அஸ்திவாரத்தில் இறக்கிப் பிடிக்கவைத்து, கான்கிரீட் கவசம் போடலாம். தூண்களுக்கு நடுவே கான்கிரீட் சுவரும் எழுப்பலாம். வெறும் பூச்சுவேலை பலம் தராது.

சிக்கல் பணத்தில்தான். தூண் எல்லோருக்கும் பொது. "நான் மூணாவது மாடி, எனக்கென்ன?" என்று ஒருவர் ஒதுங்கினால் வேலை நின்றுபோகும். தூண் போனால் மூணாவது மாடி மட்டும் அந்தரத்திலா நிற்கும்?

வீடு வாங்குவோர் டைல்சைத் தட்டிப் பார்க்கிறார்கள். முதலில் தூண் கணக்கைக் கேளுங்க!