வெள்ளமும் முன்னறிவிப்பும்

மேட்டூரில் 1934-இல் அணை முற்றுப்பெற்றமையாற் காவிரி வெள்ளம் அடங்கிற்றென்று எண்ணுவார் பலர். அணை நிறைந்தபின் வரும் நீரைத் திறந்துவிடுதலன்றி வேறு வழியில்லை. 2018 ஆகஸ்டில் அங்ஙனம் திறந்த நீர் குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களிற் கரையோர வீடுகளுட் புகுந்தது.

அறிவிப்பிற் பெரும்பாலும் நாம் காண்பது இத்தனை கன அடி நீர் திறக்கப்படும் என்பதே. கரையில் வாழும் நெசவாளர்க்கு அவ்வெண்ணால் யாது பயன்? தம் வாயிற்படிக்கு நீர் எப்பொழுது, எவ்வளவு உயரம் வரும் என்பதன்றோ அவர் அறியவேண்டுவது?

வெள்ளம் ஓர் அலை. செல்லச்செல்ல அதன் உச்சி தாழ்ந்து, உடல் நீளும். இடையிற் பவானியாறு பெருகிக் கூடின், கணக்கு மாறும். இந்நடையைப் பிரெஞ்சு அறிஞர் சான் வெனான் 1871-இற் சமன்பாடுகளாக வகுத்தார். இன்று கணிப்பொறி அவற்றை விரைந்து தீர்க்கும். ஆதலின், ஊர்தோறும் நேரமும் உயரமும் முன்னரே உரைத்தல் கடமை என்பது எம் துணிபு.