கழுத்துக் கட்டியும் காவற் கணுவும்

நோவு தரும் பிணிக்கு அஞ்சுகின்ற நாம், நோவு தராத பிணியைப் பொருட்படுத்துவதில்லை. பல்வலி வந்தால் பொழுது விடியுமுன்னரே வைத்தியரைத் தேடுகின்றவர், கழுத்திலே நோவின்றித் தடித்து நிற்கும் கட்டியொன்றை மாதக்கணக்கிற் கவனியாது விட்டுவிடுவார். “நெறி கட்டியிருக்கிறது; தானே வற்றிவிடும்” என்பது அவர் கூறும் சமாதானம். பெரும்பாலும் அது வற்றியும் விடுகிறது. வற்றாத கட்டியோ உயிருக்கே உலை வைத்துவிடக்கூடும். அக்கட்டி அங்கே தோன்றுவது ஏன் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

குருதி நுண்ணிய குழாய்களின் வழியே ஓடும்போது, அதிலுள்ள நீரில் ஒரு பகுதி வெளியே கசிந்து, உடலின் கலங்களைச் சூழ்ந்து நிற்கிறது. அது தேங்கினால் உடல் வீங்கும். அதனை வாங்கிச் சென்று மீண்டும் குருதியிற் சேர்ப்பனவே நிணநீர்க் குழாய்கள். கொழும்பிலே பெய்யும் மழைநீர் சிறு வடிகான்களிற் கூடி, வெள்ளவத்தைக் கால்வாய் போன்றவற்றின் வழியே கடலை அடைகிறதன்றோ? அவ்வாறே நிணநீரும் சிறு குழாய்களிலிருந்து பெருங்குழாய்களிற் கூடி, கழுத்தின் அடியிலுள்ள பெருநாளங்களிற் கலக்கின்றது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இவ்வழி நெடுகிலும் அவரை விதை போன்ற சிறு கணுக்கள் காவல் நிற்கின்றன. நம் உடலில் இவை ஏறத்தாழ 600 உள. கழுத்து, அக்குள், அரை ஆகிய இடங்களிற் கூட்டமாக அமைந்துள்ளன. வருகின்ற நீரிலே நோய்க்கிருமி உண்டாயின், இங்குள்ள வெண்குருதிக் கலங்கள் அதனோடு போரிடும். தொண்டை நோகும்போது கழுத்திலே நெறி கட்டி வலிப்பது இப்போரின் அடையாளமே. போர் ஓய்ந்தால் சில கிழமைகளில் வீக்கமும் வற்றிவிடும்.

புற்றுநோயின் போக்கு வேறு. மூலக் கட்டியிலிருந்து பிரிந்த கலங்கள், மெல்லிய சுவரையுடைய நிணநீர்க் குழாய்களுள் எளிதிற் புகுந்து, அண்மையிலுள்ள கணுவை அடைகின்றன. அவற்றுட் பல அங்கே மடிய, தப்பியவை அக்கணுவிலேயே பெருகுகின்றன. கணு கடினமாகிறது, ஆனால் பெரும்பாலும் நோவதில்லை. பின்னர் நோய் அடுத்த கணுவுக்கும், குருதியின் வழியே நுரையீரல், ஈரல், எலும்பு முதலியவற்றுக்கும் செல்லக்கூடும். சென்ற இடமெல்லாம் அது வளர்வதுமில்லை. விதைக்கு ஏற்ற நிலம் வேண்டுவதுபோலப் புற்றுநோய்க் கலத்துக்கும் ஏற்ற இடம் வேண்டும் என்பதை இலண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டீபன் பாஜெட் 1889 ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார்.

நம் நாட்டு ஆடவரிடையே முதன்மையாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். அது முதலிற் பரவும் இடம் கழுத்துக் கணுக்களே. அங்கே பரவிவிட்டாற் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது. புகைத்தலும் மதுவும் இந்நோய்க்குக் காரணங்களே. எனினும் நம்மிடையே பெருங்காரணம் வெற்றிலைக் கூட்டாகும். புகையிலையை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்பார் பலர். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமோ, பாக்கே புற்றுநோயை விளைவிப்பது என 2004 இல் வெளியிட்ட நூலில் அறுதியிட்டு உரைத்தது. தாம்பூலம் மங்கலத் தட்டில் இருக்கட்டும். கன்னத்தில் அடக்கி வைக்கும் வழக்கத்தையே நாம் விடவேண்டும்.

“கத்தி பட்டால் நோய் பரவும்” என்ற அச்சமும் பலரை வீட்டிலேயே இருத்திவிடுகிறது. உண்மை இதற்கு மாறானது. கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதனால் நோய் பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாட்களைக் கடத்துவதே அது பரவ இடங்கொடுக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு ஒருகாலத்தில் மார்பகத்தோடு தசையையும் அக்குட் கணுக்களையும் முற்றாக அகற்றினர். பின்னர்க் கை வீங்கித் துன்புற்ற பெண்கள் பலர். இன்றோ சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, நிணநீர் முதலிற் சேரும் ‘காவற் கணு’வைக் கண்டறிந்து, அதனை மட்டும் எடுத்துச் சோதிக்கின்றனர். அதில் நோயில்லையெனின் ஏனையவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். வேளைக்கு வருபவர்க்கே சிறிய சிகிச்சை போதுமாகிறது.

மாணவர்களே, உங்கள் அப்பப்பாவோ அம்மம்மாவோ வெற்றிலை போடுபவராயின், வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிவு, வாயை முழுதும் திறக்க இயலாமை, மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வற்றாத கழுத்துக் கட்டி ஆகியவற்றுள் எது காணப்படினும் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழ்பவர்க்குத் தேசிய பல் வைத்தியசாலை தொலைவிலில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகமை வைத்தியசாலை உண்டு. இரண்டும் அரசினர் வைத்தியசாலைகளே. பணமில்லையென்று தயங்க வேண்டியதில்லை. கட்டி நோகட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம்.