குதிரை சோர்ந்தால் என்ன கொடுப்பது?



ஈப்போ பந்தயத் திடலின் லாயங்களில் சைஸ் வேலை என்பது நம்மவர்களுக்குப் பழகிய வேலை. குதிரை சோர்ந்தால் ஓட்ஸை அள்ளிப் போடுவதும் பழகிய வழக்கம்தான். இனி கொஞ்சம் யோசித்துப் போடுங்கள்.

ஓட்ஸிலுள்ள மாவுச்சத்து சட்டென்று வேகத்தைக் கிளப்பும். குதிரை துள்ளும், மிரளும். அதன் இரைப்பையோ சிறியது. அளவு மீறினால் மாவு பெருங்குடலில் புளித்து வயிற்றுவலி வரும், குளம்பும் கெடும்.

எண்ணெய் அப்படியல்ல. 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரி என்றால் 1 கிராம் எண்ணெய் 9 கலோரி, அதுவும் நிதானமாக. தவிட்டு எண்ணெயோ சோள எண்ணெயோ கால் கோப்பையில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். ஆனால் 'இளைத்தவனுக்கு எள்ளு' என்று பாட்டி சொன்னது சும்மாவா? எண்ணெய் ஏறும்போது தானியம் இறங்க வேண்டும்; இல்லாவிட்டால் உடம்பு போட்டுவிடும். புல்லில் மட்டும் கை வைக்காதீர்கள். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7.5 கிலோ உலர்புல்லாவது வேண்டும்.

இன்னொன்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்த குதிரைகளில் சில, நம் வெயிலில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். சோம்பல் என்று நினைத்துத் தீனியைக் கூட்டிவிடுவோம்! ஓடி வந்ததும் உடம்பைத் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்து மூச்சும் இரைத்தால், உடனே நிழலில் கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். மிருக வைத்தியருக்கும் ஆள் அனுப்புங்கள்.