தந்தை மீனின் காவல்

தூண்டில் வீச்சும் ஒரு கலையே; ஆயினும், கலைக்கும் எல்லையுண்டு என்பது நம் கருத்து.

வட அமெரிக்க ஏரிகளிலே கிராப்பி என்றொரு நன்னீர் மீன் வாழ்கின்றது. வசந்தத்தில் நீரின் வெப்பநிலை பரனைற்று 60 பாகையைக் கடக்கும்போது, ஆண்மீன் கரையோரத்து ஆழமற்ற நீரையடைந்து, அடித்தரையைத் துப்புரவாக்கிக் கூடமைக்கும். பெண்மீன் முட்டையிட்டு அகன்றபின், முட்டைகளையும் குஞ்சுகளையும் காத்து நிற்பது தந்தையே.

இறகும் மயிரும் கொண்டு கட்டிய செயற்கை ஈயை வீசுவோர் இம்மீனைப் பெரிதும் நாடுவதும் அப்பருவத்திலேதான். கூட்டை நெருங்கும் பொருளை எதிர்த்துப் பாயும் மீன், தன் கடமையாலேயே அகப்படுகின்றது.

கிராப்பி மிகுதியாகப் பெருகும் இனம். சிறு குளங்களில் நெருக்கத்தால் வளர்ச்சி குன்றுவதுமுண்டு. ஆதலாற் பிடித்தல் தவறன்று என்பர் சிலர். அது தொகையைப் பற்றிய வாதம். நாம் உரைப்பதோ பண்பைப் பற்றியது. காவலன் நீங்கிய கூட்டைப் பிற மீன்கள் சூறையாடும்.

ஆழநீரில் அலையும் மீனைத் தேடிப் பிடிப்பதே திறமை. கூட்டருகே அகப்பட்டதை, அதன் மெல்லிய வாய் கிழியாவண்ணம் விடுவித்து, உடனே நீரில் விடுதலே பெருந்தகைமை. எளிதில் அகப்படுவதெல்லாம் கவர்தற்குரியதன்று; இதனைத் தூண்டில் ஏந்துவோர் மட்டுமன்றி, நம் மாணவரும் உணர்வாராக.