"ராத்திரி என்னம்மா சாப்பிட்ட?"

காலையில் விரலைக் குத்தி, ஸ்ட்ரிப்பில் ரத்தம் வைத்ததும் மெஷின் 212 காட்டியது. அம்மா உடனே எங்கள் முகத்தைத்தான் பார்த்தாள். "ராத்திரி என்னம்மா சாப்பிட்ட?" என்றான் அண்ணன். "ரெண்டு இட்லிடா." அவன் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. சமையலறைக்குள் போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

சுகர் ஏறினால் வாய்தான் காரணம் என்று நம் ஊரில் எல்லோரும் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏறுகிற ஒவ்வொரு முறையும் நோயாளி எதையோ திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறார் என்பது பொய். ஆபத்தான பொய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். சுகர் 100 என்றால் அவ்வளவு ரத்தத்திலும் சேர்த்து இருப்பது 5 கிராம், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. அதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கைக் கல்லீரல் சேர்த்து வைத்திருக்கிறது. விடியற்காலையில் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கூடும்போது கல்லீரல் அந்த இருப்பைத் திறந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு இன்சுலின் சுரந்து அதைச் சமாளித்துவிடும். சுகர்காரருக்கு முடிவதில்லை. ராத்திரி பட்டினி கிடந்தவருக்கும் காலையில் ஏறியிருப்பது இதனால்தான்.

காய்ச்சல், நீர்க்கடுப்பு, சீழ் பிடித்த பல், மூட்டு வலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, தூங்காத ஓர் இரவு, எதுவும் ஏற்றிவிடும். பல பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஏறும். மெஷினும் சத்தியவாக்கு இல்லை. உண்மையில் 200 இருப்பதை அது 170 என்றோ 230 என்றோ காட்டினாலும் தர விதிக்கு உட்பட்டதுதான். பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்த கையோடு குத்திப் பாருங்கள், எண் எங்கேயோ போய் நிற்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது, தண்ணீரில் கழுவ வேண்டும். மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த இன்சுலின் வீரியம் இழந்திருக்கும். இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

அம்மா இரண்டு இட்லியை ஒன்றாக்கினாள். காபியில் சர்க்கரையை நிறுத்தி எத்தனையோ வருஷம், பிறகு காபியையே விட்டாள். எண் இறங்கவில்லை. "வாயைக் கட்டுங்கம்மா" என்று சொல்லி டாக்டர் இன்சுலின் ஊசியில் நான்கு யூனிட் கூட்டினார். அடுத்த மாதம் இன்னும் நான்கு. ஒருநாள் வழக்கமான இடத்தில் ரத்தம் கசிந்ததால் அம்மா தொடையில் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் புடவை நனைய வியர்த்து, பேச்சுக் குழறி, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். மெஷினில் 48. குளுக்கோஸைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டும்போது என் கை நடுங்கியது.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஒரு நர்ஸ். அம்மாவைப் படுக்க வைத்து, தொப்புளைச் சுற்றி விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழ அளவில் தடிப்பு. வலிக்காத இடம் என்று அம்மா வருஷக்கணக்காக அங்கேயே ஊசி போட்டு வந்திருக்கிறாள். அந்தத் தடித்த கொழுப்பில் போட்ட மருந்து ஒருநாள் ஊறும், ஒருநாள் தேங்கி நிற்கும். நல்ல சதையில் போட்டதும் கூட்டிய யூனிட் மொத்தமும் ஒரேயடியாக வேலை செய்துவிட்டது. நாங்கள் பிஸ்கட்டை எண்ணிய நேரத்தில் யாராவது வயிற்றைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. அம்மாவின் நோட்டில் சில நாட்கள் 240 என்பது 140 ஆகியிருந்தது. திட்டுக்குப் பயந்து எழுதிய எண்கள். டாக்டர் மருந்தின் அளவை முடிவு செய்வது அந்த நோட்டைப் பார்த்துத்தான். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் யார்தான் உண்மையை எழுதுவார்கள்?

எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் காரணம் பிடிபடாத நாட்கள் வரும். ஒழுங்காக இருப்பவர்களுக்கும் வரும். அம்மாவின் புது நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். சளி, தூக்கமில்லை, ஊசி இடது தொடை என்று அவளே எழுதுகிறாள். போன செவ்வாய்க்கிழமை 187. பக்கத்தில் "தெரியல" என்று எழுதி, நோட்டை மூடாமலே மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.