ஆடுகளத்திலும் அரைக் கூலியா?

டென்னிஸ் பந்தயம் சீமான்கள் வீட்டு விவகாரம், ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் அதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் புல்தரையில் நடந்த ஒரு சண்டை, நாம் நன்றாக அறிந்த சண்டை. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற அக்கிரமத்தை எதிர்த்து நடந்த சண்டை. அதனால்தான் எழுதுகிறோம்.

லண்டனில் உள்ள விம்பிள்டனில் பெண்கள் ஒற்றையர் ஆட்டம் 1884ல் தொடங்கியது. 13 பெண்கள் ஆடினார்கள். ஜெயித்த மாட் வாட்சனுக்கு வெள்ளிப் பூக்கூடை ஒன்று பரிசு. அதற்குப் பின் 80 ஆண்டுகளுக்கு மேலாகப் பணத்துக்காக ஆடுவது கௌரவக் குறைவு என்பதே அங்கே சட்டம். வயிற்றுக் கவலை இல்லாதவர்கள் செய்த சட்டம் அது! அமெரிக்காவின் தென் கரோலினாவில் பருத்திக் காட்டை வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் அல்தியா கிப்ஸன். 1957லும் 1958லும் அவரே விம்பிள்டன் பட்டம் வென்றார். பரிசுப் பணம் ஒரு காசு கிடையாது. பட்டத்தை வைத்து அடுப்பு எரியுமா?

1968ல் சட்டம் மாறியது, பணம் வந்தது. கூடவே பாகுபாடும் வந்தது. அந்த ஆண்டு ஆண்கள் ஒற்றையரில் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுன். பெண்கள் ஒற்றையரில் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுன். பழைய கணக்கில் சொன்னால், ஆணுக்கு ஒரு ரூபாய், பெண்ணுக்கு ஆறணா!

அதே கோடையில், அதே லண்டன் மாநகரின் டேகன்ஹாமில், ஃபோர்டு மோட்டார் ஆலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் 187 பெண்கள் தையல் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் செய்வது திறமை வேண்டாத வேலை என்று நிர்வாகம் முத்திரை குத்தியிருந்தது. மூன்று வார வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆண்கள் கூலியில் நூற்றுக்கு 92 பங்கு கிடைத்தது. 1970ல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டமும் வந்தது. ஒரே நகரம், ஒரே கோடை, ஒரே அநியாயம்! தையல்காரப் பெண்களுக்குச் சங்கம் இருந்தது. ஆட்டக்காரப் பெண்களுக்கு இல்லை. வேற்றுமை அது ஒன்றுதான்.

1970ல் லாஸ் ஏஞ்சலீஸ் பந்தயத்தில் ஆறணாவும் போயிற்று. ஆண்கள் பட்டத்துக்கு 12,500 டாலர், பெண்கள் பட்டத்துக்கு 1,500 டாலர். ரூபாய்க்கு இரண்டணாகூட இல்லை. அப்போதுதான் ஒன்பது பெண்கள் போதும் என்றார்கள். தீயணைப்புத் தொழிலாளியின் மகள் கிங்கும், எல் சால்வடாரிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பெண் ரோஸி கசால்ஸும் அவர்களில் இருந்தார்கள். பத்திரிகை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மனுடன் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் எழுதி, ஹூஸ்டன் நகரில் தனிப் பந்தயம் நடத்தினார்கள். மொத்தப் பரிசே 7,500 டாலர்தான். கசால்ஸ் வென்றார். அமெரிக்க டென்னிஸ் சங்கம் அவர்களைத் தள்ளிவைத்தது. அவர்கள் பணியவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பந்தயத்துக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி. பெண்களின் உரிமைமீது அதற்குப் பாசம் பொங்கவில்லை. பெண்களுக்கென்று புது சிகரெட் விற்க வந்த கம்பெனி அது. முதலாளி போடும் காசுக்கு முதலாளியின் கணக்கு உண்டு. ஆனால் வெற்றியைத் தந்தது அந்தக் காசல்ல, ஒன்பது பேரின் ஒற்றுமையே.

1972ல் ஆண் ஆட்டக்காரர்கள் தங்களுக்குச் சங்கம் அமைத்தார்கள். பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1973ல் பெண்கள் லண்டனில் ஒரு ஓட்டலில் கூடித் தங்கள் சங்கத்தைத் தாங்களே அமைத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக 25,000 டாலர். மூன்றே ஆண்டுகளில் இரண்டணா ஒரு ரூபாயாயிற்று!

விம்பிள்டன் கனவான்களோ 2007 வரை பிடிவாதம் பிடித்தார்கள். 2006ல்கூட ஆணைவிடப் பெண்ணுக்கு 30,000 பவுன் குறைவு. ஆண்கள் ஐந்து செட் வரை ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று செட்தானே என்பது அவர்கள் வாதம். ஆட்ட விதியை எழுதுவது யார்? நிர்வாகம்! 1984 முதல் 1998 வரை ஆண்டிறுதிப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்தில் பெண்களும் ஐந்து செட் கணக்கில் ஆடிக் காட்டியிருக்கிறார்கள். இன்னொன்றும் கேட்கிறோம். ரோம் பந்தயத்தில் இரு பாலாருக்கும் மூன்று செட்தான். 2023ல் அங்கே ஆண்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 77 லட்சம் யூரோ, பெண்களுக்கு ஏறத்தாழ 35 லட்சம். செட் கணக்கு எங்கே போயிற்று? சாக்கு மாறும், சுரண்டல் மாறாது!

ஆணும் பெண்ணும் சமமானால் எல்லாம் சரியாகிவிடுமா? பெரிய பந்தயத்தின் பெண்கள் ஒற்றையர் ஆட்டப் பட்டியலைப் பாருங்கள். 128 பெயர்கள். முதல் சுற்றிலேயே 64 பேர் வெளியேறுவார்கள். ஏழு ஆட்டம் ஜெயித்தவருக்குப் பட்டம். 2024 விம்பிள்டனில் பட்டம் வென்றவருக்கு 27 லட்சம் பவுன், முதல் சுற்றில் தோற்றவருக்கு 60,000. அந்தத் தொகையும் பெரிதுதான். ஆனால் பட்டியலுக்குள் நுழைய முடியாதவர்கள் ஏராளம். ஊர் ஊராகச் சிறு பந்தயங்களில் ஆடி, ரயில் செலவும் பயிற்சியாளர் சம்பளமும் தாங்களே கட்டுகிறார்கள். காயம்பட்டால் அன்றோடு வரும்படி நின்றது. 2021ல் எம்மா ராடுகானு தகுதிச் சுற்றிலிருந்து பத்து ஆட்டம் தொடர்ந்து வென்று அமெரிக்க ஓப்பன் பட்டம் பெற்றார். பாராட்டுகிறோம். ஆனால் ஒருவர் ஏறியதைக் காட்டி, கீழே நிற்பவர்களின் வாயை அடைக்க விடக்கூடாது.

பெரிய பந்தயங்களில் படிப்படியாகச் சமப் பரிசு தருவதாகவும், 2027லும் 2033லும் அதை முடிப்பதாகவும் 2023ல் பெண்கள் டென்னிஸ் சங்கம் அறிவித்தது. ஒன்பது பெண்கள் கையெழுத்திட்டு 63 ஆண்டுகள் கழித்துத்தான் கணக்கு நேராகுமாம்! எழுதிக்கொடுத்த தேதியும் தானாக வந்துவிடாது. காவல் இருந்து வாங்க வேண்டும்.

தோழர்களே! பெண்ணின் கூலி குறைவாக இருக்கும்வரை அதைக் காட்டியே ஆணின் கூலியையும் முதலாளி அமுக்குவான். நடவு வயலிலும் நூற்பு ஆலையிலும் அதுதான் நியதி. கசால்ஸும் கிங்கும் டேகன்ஹாம் பெண்களும் தனித்தனியே கெஞ்சியிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். சேர்ந்து நின்றார்கள், வாங்கினார்கள். சம வேலைக்குச் சம கூலி என்ற கோரிக்கையைப் பெண்களின் கோரிக்கை என்று ஒதுக்காமல், சங்கத்தின் ஒவ்வொரு கோரிக்கைப் பட்டியலிலும் ஆண் தோழர்களே முதல் வரியாக எழுதட்டும்!